நெட்டி முறிக்கும் கை

உலு திராம், ஜொகூர்.
ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது, முடிகிற அன்று தபாலில் சேர்ப்பேன்.

அன்பு மகள் ரூபினிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் முருகன் தயவில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குச் சண்டை போட்டு, நன்றாகவே இருக்கிறோம். அங்கே கிளாஸ்கோவில் நீயும் குளிருக்கு நன்றாக மூடிக்கொண்டு, வலி கொஞ்சமாவது இறங்கி இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எங்களுடைய இந்த ‘நன்றாக’ முழுதாகும். உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்து இது யாருடைய கிறுக்கல் என்று திகைத்திருப்பாய். என்னுடையதுதான். ஒரு முகவரி எழுதுவதற்குள் எனக்கு விரல் பின்னால் மடங்கிப் பேனா வழுக்கிவிடும் என்பதும், உன் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டிலிருந்து கல்யாண மொய்க் கவர் வரை எல்லாவற்றிலும் எழுதுவது அப்பாதான் என்பதும் உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை அப்பா எழுதவில்லை, நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதவும் இல்லை. பேனாவைச் சுற்றி, ஏர்கோன் குழாய்க்குப் போடுகிற கறுப்பு ஸ்பாஞ்சை அப்பா வெட்டி மாட்டிக் கொடுத்திருக்கிறார், பார்த்தால் பேனா மாதிரியே இல்லை, பிடித்தால் மட்டும் கைக்கு அடங்குகிறது. ஒரு நாளைக்குக் கொஞ்சம் எழுதுவேன், விரல் சோர்ந்தால் மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன், அதனால் ஒரு பக்கத்தில் மழை பெய்யும், அடுத்த பக்கத்தில் வெயில் அடிக்கும், குழம்பாதே. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் ‘கேட்டேன்மா’ என்று ஒரு வார்த்தை வருகிறது, போனில் பேசினால் பாதியில் ‘வேல இருக்கும்மா’ என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது மேசை மேலேயே கிடக்கும், என்றைக்காவது எடுத்துப் படித்துத்தான் ஆகவேண்டும்.

தைப்பூசத்துக்கு மறுநாள் நீ போனில் சொன்னது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. வேலைக்குக் கிளம்பும்போது கோட்டுக்குள் கையை விட்டாய், தோள்பட்டை இறங்கிவிட்டது, தரையிலேயே உட்கார்ந்து ஒற்றை ஆளாக அதை ஏற்றிக்கொண்டாய், அதற்கப்புறம் மருந்துக்கடை வேலைக்குப் போகவும் இல்லை, பிசியோவுக்குப் போகவும் இல்லை. ‘போதும்மா, இத்தன மாசமா ரப்பர் கயித்த இழுத்து என்னாச்சு, ஒரு கோட்டு கூட போட முடியல, இனிமே நான் போகல, கையக் கட்டிகிட்டு வீட்டுலயே இருந்துக்கறேன்’ என்றாய். கொஞ்சம் பொறு பாப்பா என்று நான் வாயெடுத்ததும், ‘உங்ககிட்டேருந்து வந்ததுதானேம்மா இது, நீங்க ஒன்னும் சொல்லாதீங்க’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நீ கோபத்தில் வைக்கவில்லை, அழுகை வந்ததால் வைத்தாய், அது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று. நீ அங்கே போன நாளிலிருந்து, என்ன சண்டையாக இருந்தாலும், போனை வைக்கும் முன் கேமராவுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து ‘அம்மா, நெட்டி முறிங்க’ என்பாய். நானும் திரையில் உன் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து என் நெற்றிப் பொட்டில் வைத்து முறிப்பேன், படபடவென்று சத்தம் வரும், ‘அப்பாடா, இவ்வளவு திருஷ்டியா’ என்று சிரிப்பாய். அன்றைக்கு நீ கேட்கவில்லை. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அப்பா வந்து என்னவென்று கேட்டார், ஒன்றும் இல்லை, லைன் கட்டாகிவிட்டது என்று சொன்னேன்.

வீட்டுச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா புத்தி சொல்லத்தான் கடிதம் போட்டாள் என்பாய். தம்பி கவின் அதே சிங்கப்பூர் வேலையில்தான் இருக்கிறான், விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் பாலத்து நெரிசலில் நின்று, திரும்பி வரும்போது முகம் கறுத்துப்போய் வருகிறான். உன் வியாதி என்னவென்று தெரிந்த அன்றைக்கு அவனும் கட்டை விரலை மணிக்கட்டுக்கு வளைத்துப் பார்த்தான், அது கொஞ்சமும் அசையவில்லை, ‘வீட்டுல எல்லாமே அக்காவுக்குத்தான், எனக்கு ஒன்னும் குடுக்கல’ என்று முறைத்துக்கொண்டான். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கடையில் தே தாரிக்குச் சீனி கம்மி என்று எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிவிட்டுக் கடைக்காரரிடம் கண்ணைக் காட்டுவது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். போன மாதம் பெக்கோக்கில் ஒரு கல்யாணம், திரும்பும் வழியில் அப்பா வழக்கம்போல ஆயர் ஈத்தாமில் காரை நிறுத்தி ஒரு மண்சட்டி வாங்கினார். நான் உடைத்த சட்டிகளை வைத்தே அங்கே ஒரு கடை பிழைத்திருக்கும் என்பது அவருடைய நிரந்தரக் கேலி. இந்தத் தடவை காரிலிருந்து அடுப்படி வரைக்கும் சட்டியை நான்தான் தூக்கி வந்தேன். அப்பா பின்னாலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, குழந்தை நடை பழகும்போது வருவாரே, அப்படி வந்தார். சட்டி உடையவில்லை, நேற்று அதில் மீன் குழம்பு வைத்தேன்.

நான் ஏன் எல்லாவற்றையும் கீழே போடுகிறேன் என்று இத்தனை வருஷமாக யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் பால் வாளி தூக்கினால் மாலைக்குள் தோள் இறங்கினது போல் இருக்கும், சமதரையில் நடந்தாலே கணுக்கால் மடங்கும், வலிக்கிறது என்று சொன்னால் வேலைக்குக் கள்ளம் என்றார்கள். கொஞ்ச நாளில் சொல்வதையே விட்டுவிட்டேன். உனக்கு அங்கே டாக்டர் வியாதிக்குப் பெயர் சொல்லி, இது குடும்பத்தில் வருகிறது, அம்மாவுக்கு எப்படி என்று கேட்டபோது, நீதான் வீடியோவில் ‘அம்மா, கட்ட விரல மடக்கிக் காட்டுங்க’ என்றாய். நான் மடக்கினேன், அது மணிக்கட்டில் போய்ச் சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. சுண்டு விரலைப் பின்னால் தள்ளச் சொன்னாய், அதுவும் போனது. அதைப் பார்த்ததும் நீ, ‘உடனே போய் காட்டுங்கம்மா, சாக்கு சொல்லாதீங்க’ என்றாய். நான் சாக்கு சொன்னேன்தான். உடம்பு பிடித்திருக்கிறது, நீட்டி மடக்கினால் சரியாகிவிடும் என்று நம் தாமான் குடியிருப்பு மண்டபத்தில் நடக்கிற யோகா வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். இந்த வயதில் வகுப்பில் நான்தான் முதல், முட்டியை மடக்காமல் உள்ளங்கை இரண்டும் தரையில் படும், டீச்சர் என்னை முன்னால் நிற்க வைத்து ‘அம்மாவப் பாத்து செய்யுங்க’ என்று சின்னப் பெண்களுக்குக் காட்டினாள். பெருமை தாங்கவில்லை. இடுப்பு நழுவி, காரில் ஏற முடியாமல், பின் சீட்டில் படுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் பெருமை இறங்கியது.

மழை வந்துவிட்டது, துணி எடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன். இங்கே கிளினிக் டாக்டர் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, நான் காத்திருந்து போய்ச் சேர்ந்தது நாடியா என்கிற மலாய்க்காரப் பெண்ணிடம். உன் வயதுதான் இருக்கும், பிசியோ வேலை, பேச்சு மெதுவாக இருக்கும், பார்வை மட்டும் கால் விரல் வரைக்கும் போகும். போனில் மேலோட்டமாகச் சொன்னதுதான், முழுக் கதை உனக்குத் தெரியாது. கட்டை விரல், சுண்டு விரல், முழங்கை, முட்டி, குனிந்து தரையைத் தொடுவது என்று ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னாள், கடைசியில் ஒன்பதுக்கு எட்டு என்றாள். பள்ளிக்கூடத்தில் கூட வாங்காத மார்க்கு, நான் வாயெல்லாம் பல்லாக அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு, ‘மக்சிக், இத்தன வருஷம் எப்படி சமாளிச்சீங்க’ என்று கேட்டாள், மலாயில் கேட்டதைத்தான் நான் தமிழில் எழுதுகிறேன், மக்சிக்கை மட்டும் ஆன்ட்டி என்று மாற்றாமல் விட்டிருக்கிறேன். ரூபி, எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. வலியைக் குறைக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை, வலி இருந்திருக்கும் என்று நம்பினாள், அவ்வளவுதான். எலும்பை எலும்போடு பிடித்து வைத்திருக்கிற நார் நமக்கெல்லாம் பழைய பாவாடை எலாஸ்டிக் மாதிரி இழுத்தால் போய்க்கொண்டே இருக்குமாம், அது பிடிக்கவேண்டியதையும் சேர்த்துத் தசைதான் பிடிக்கிறதாம், அதனால்தான் ஒன்றும் செய்யாமல் நின்றாலே களைத்துப்போகிறோமாம். நான் சோம்பேறி இல்லை என்று முதல் தடவையாக ஒருத்தி சொல்லிக் கேட்டேன்.

அதற்கப்புறம் நடந்த கூத்தை உன்னிடம் சொல்லவேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தேன், இப்போது நானே சொல்கிறேன், சிரி. இரண்டாவது தடவை போகும்போது எதிர்வீட்டுக் காளியம்மா அக்கா துணைக்கு வந்தார். அக்காவுக்கு விளங்கட்டும் என்று நாடியா இங்கிலீஷில் கையையும் ஆட்டிக் காட்டி, என் மூட்டெல்லாம் லூஸ், ரொம்ப லூஸ் என்றாள். அக்கா தலையைத் தலையை ஆட்டினார். வெள்ளிக்கிழமை கோயிலில் விளக்கு போடும்போதே, ‘நம்ம பிரேமலா லூசாம், ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க, பாவம்’ என்று செய்தி போய்விட்டது. மறுநாளிலிருந்து ஒவ்வொருத்தராக வீட்டுக்கு வருகிறார்கள், ஒருத்தி எலுமிச்சம்பழம் மந்திரித்துக் கொண்டுவருகிறாள், ஒருத்தி என் எதிரில் உட்கார்ந்து குழந்தையிடம் பேசுவது போல ‘தூக்கம் வருதாம்மா, யாராச்சும் கூப்புடற மாதிரி சத்தம் கேக்குதா’ என்கிறாள். எனக்கு விளங்கவே இல்லை. விஷயம் வெளியே வந்ததும் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாமல் சிரித்தார், ‘அலாமாக், இதக் கண்டுபுடிக்க ஆஸ்பத்திரிக்கா போவணும், கல்யாணம் ஆன அன்னைக்கே எனக்குத் தெரியுமே’ என்றார். காளியம்மா அக்கா ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை, அப்புறம் ஒரு தட்டு முறுக்கோடு வந்தார்.

இனி பயிற்சிக்கு வருகிறேன், நீ கண்ணை உருட்டுவது இங்கே தெரிகிறது. நீ சொன்ன அதே சின்னப் பிள்ளை விளையாட்டுதான் எனக்கும். மஞ்சள் ரப்பர் பட்டை, கைக்குள் அடங்குகிற ஒரு பந்து, அடுப்படி மேடையைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. நீட்டாதே, மடக்காதே, கடைசி வரைக்கும் போகாதே, நடுவிலேயே நில், அங்கேயே பிடித்து வை என்பதுதான் பாடம். நிற்கும்போது முட்டி பின்னால் போய்ப் பூட்டிக்கொள்கிறது, அதைப் பூட்டவிடாமல் ஒரு நூல் இளக்கி வைத்து நிற்கவேண்டும், ரொட்டி சானாய் கடையில் வரிசையில் நின்றாலும் நான் இப்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு நிற்கிறேன். பார்த்தால் ஒன்றுமே செய்யாதது போல் இருக்கிறது, செய்து முடித்தால் வியர்க்கிறது. எத்தனையோ வாரம் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு நாள் பட்டையைச் சுருட்டி நாடியா மேசை மேல் வைத்துவிட்டு, எனக்கு வயதாகிவிட்டது, இதை வேறு யாருக்காவது கொடு, எனக்கு ஒன்றும் மாறவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ‘சரி, மாறினா என்ன செய்யணும்னு ஆச’ என்று கேட்டாள். இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சட்டி தூக்கணும், துணி பிழியணும் என்று சொல்லலாம் என்று பார்த்தேன், வாயில் வந்தது வேறு. தூரத்தில் என் மகள் இருக்கிறாள், அவளுக்கு என் கையால் ஒரு கடிதம் எழுதணும் என்றேன். ‘வாட்ஸ்அப் இருக்கே மக்சிக்’ என்று சிரித்தாள், சிரித்துவிட்டு அன்றைக்கே பட்டையை ஓரமாக வைத்துவிட்டு விரலுக்கு ஆரம்பித்தாள். பேனாவைத் தடிமனாக்கச் சொன்னதும் அவள்தான்.

இப்போது உனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லவேண்டும். நான் நெட்டி முறிக்கிறதை நாடியா நிறுத்திவிட்டாள். அவளுக்கு நிச்சயம் முடிந்து, விரல் நுனியெல்லாம் மருதாணியோடு வேலைக்கு வந்திருந்தாள், முகம் அவ்வளவு களையாக இருந்தது, எனக்குக் கை சும்மா இருக்குமா. எழுந்து போய் அந்தப் பெண் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து என் பொட்டில் வைத்து அழுத்தினேன். பத்து விரலும் பட்டாசு மாதிரி வெடித்தது. ‘அலாமாக், மக்சிக், என்ன செஞ்சிட்டீங்க’ என்று துள்ளி எழுந்துவிட்டாள், கை உடைந்துவிட்டது என்றே நினைத்திருக்கிறாள். நான் விளக்கிச் சொன்னேன், கண் படுவதைப் பற்றி அவர்களுக்கும் தெரியும்தானே, சிரித்துக்கொண்டாள், அப்புறம் மெல்ல, இன்னொரு தடவை செய்துகாட்டச் சொன்னாள். விரல் ஒவ்வொன்றும் எங்கே போய் மடங்குகிறது என்று குனிந்து பார்த்தாள், முகம் மாறிவிட்டது. உனக்குத் தெரியுமே, இந்தத் தாமானில் யார் வீட்டுப் பிள்ளைக்கும் நெட்டி முறிக்கவேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், பிரேமலா கை வைத்தால் அத்தனை திருஷ்டியும் சத்தத்தோடு போய்விடும் என்று பேர். அது கை ராசி இல்லையாம் ரூபி, மூட்டு லூசாம். ‘இனிமே இப்படி வேணாம் மக்சிக்’ என்றாள். எனக்கு இருந்த ஒரே பட்டத்தையும் பிடுங்கிக்கொண்டது போல இருந்தது. அவளுக்கு அது புரிந்திருக்கவேண்டும், கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘செய்யறத விட வேணாம், கையக் கொண்டு போங்க, பொட்டுல வைங்க, ஆனா விரல் மடங்க விடாதீங்க, பிடிச்சு நிறுத்துங்க, அதையே பயிற்சியா வச்சுக்கலாம்’ என்றாள். அன்றிலிருந்து தினமும் காலையில் முன் அறையில் மாட்டியிருக்கிற உன் பட்டமளிப்புப் படத்துக்கு முன்னால் நின்று அதைத்தான் செய்கிறேன். முதலில் எல்லாம் சத்தம் வந்துகொண்டேதான் இருந்தது. நீ வீடியோவில் கேட்டபோதெல்லாம் நான் பழையபடியே முறித்தேன், உன்னிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீ நிறுத்திவிட்டதை நான் நாடியாவிடம் சொன்னேன், கோபிக்காதே, பெயர் சொல்லவில்லை, என் மகள் என்று மட்டும் சொன்னேன். நீ சோம்பேறி, பிடிவாதக்காரி என்று ஏதாவது சொல்லுவாளோ என்று பார்த்தேன். அவள் சொன்னது இதுதான். இந்த உடம்புக்காரர்கள் நிறையப் பேர் நடுவில் ஒரு தடவை நிறுத்துவார்களாம், அது சோம்பல் இல்லை, வருஷக்கணக்காக வலித்து, வருஷக்கணக்காக யாரும் நம்பாமல் இருந்து வந்த களைப்பு என்றாள். தோள் நழுவியதும் பயிற்சி வீண் என்று நினைக்கவேண்டாம், நழுவியதற்கு அப்புறம் எத்தனை சீக்கிரம் வலி அடங்கியது, போன வருஷம் எப்படி இருந்தது என்று அவளையே யோசிக்கச் சொல்லுங்கள் என்றாள். நான் யோசித்துப் பார்த்தேன், போன வருஷம் இதே தோள் இறங்கியபோது நீ ஆஸ்பத்திரியில் இருந்து எனக்குப் போன் செய்தாய், இந்தத் தடவை தரையில் உட்கார்ந்து நீயே ஏற்றிக்கொண்டாய். அப்புறம் ஒன்று சொன்னாள், இதை மறக்காதே. ‘விட்ட எடத்துலேருந்து ஆரம்பிக்க வேணாம், பாதிக்கும் கீழேருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க, ரொம்ப லேசா இருக்கேன்னு சிரிப்பு வரணும், அந்த அளவு.’ கையைக் கட்டிக்கொண்டே வீட்டில் உட்கார்ந்திருந்தால், பிடிக்கிற தசையும் இளைத்துப்போய்த் தோள் இன்னும் சுலபமாக இறங்கும் என்றும் சொன்னாள், அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் கண்டிப்பு இருந்தது. உன்னைப் பார்க்கிற பிசியோவிடம் கோட்டு போட்டபோது நழுவியதை அப்படியே சொல்லவேண்டுமாம், திட்டமாட்டார்கள், அதற்கேற்ற மாதிரி மாற்றிக் கொடுப்பார்கள் என்றாள். உன் தோளை அவள் பார்க்கவில்லை, பார்ப்பவர்கள் சொல்வதுதான் சரி என்றும் சேர்த்துச் சொன்னாள்.

பாப்பா, நீ சொன்னாயே, என்னிடமிருந்து வந்தது என்று. ஆமாம், என்னிடமிருந்துதான் வந்தது. அதைக் கேட்டு எனக்கு வலிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், வலித்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒரு திமிரும் வருகிறது. வளைகிற மூட்டு என்னிடமிருந்து வந்தது என்றால், இத்தனை வருஷம் பெயர் தெரியாத வலியோடு சமைத்துத் துவைத்து உங்கள் இரண்டு பேரையும் தூக்கி வளர்த்த பிடிவாதம் மட்டும் வேறு யாரிடமிருந்து வந்திருக்கும். அதுவும் உனக்குள் கிடக்கிறது, தேடிப் பார். எனக்கு இருபத்தெட்டு வயதில் ஒரு நாடியா கிடைக்கவில்லை, உனக்குக் கிடைத்திருக்கிறது. நீ என்னை விரட்டி அனுப்பியதால்தான் எனக்கு இந்த வயதிலாவது கிடைத்தது. என்னைப் போகச் சொல்லிவிட்டு நீ பாதி வழியில் உட்கார்ந்துகொண்டால், நான் யாரைப் பார்த்து நடப்பேன். உனக்கு வலிக்கிறது என்றால் வலிக்கிறது, அதற்கு மேல் நான் சாட்சி கேட்கமாட்டேன். அழவேண்டும் என்றால் போன் செய்து அழு, நான் புத்தி சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பேன், அப்பாவையும் அறையை விட்டு அனுப்பிவிடுகிறேன். வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறேன் என்று சொன்னால் நாளைக்கே உன் அறையைக் கூட்டிப் பெருக்கி வைப்பேன். ஆனால் உனக்குப் பிடித்த வேலையை, அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நீ அனுப்பிய படத்தில் இருந்த முகத்தை, இந்தத் தோளுக்குப் பயந்து விட்டுவிடாதே. எனக்கு இருக்கிற பயம் அது ஒன்றுதான்.

சின்னச் சின்ன விஷயம் கொஞ்சம். கோட்டு போடும்போது நோகிற கையை முதலில் விடு, நல்ல கையால் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள், உட்கார்ந்துகொண்டு போடு, அவசரம் வேண்டாம், பஸ் போனால் அடுத்த பஸ். பையை ஒரு தோளில் தொங்கப்போடாதே. மருந்துக்கடையில் மேல் தட்டில் இருப்பதை எட்டி எடுக்காமல் ஒரு ஸ்டூல் கேள், கேட்பதில் வெட்கம் வேண்டாம், இங்கே வேலை பார்க்கிற பள்ளிக்கூடக் கேண்டீனில் நானே உட்கார்ந்துகொண்டுதான் காய் நறுக்குகிறேன், முதல் நாள் எல்லாரும் பார்த்தார்கள், இரண்டாம் நாள் யாரும் பார்க்கவில்லை. சோறு ஒழுங்காகச் சாப்பிடு, ரொட்டியைக் கடித்துவிட்டு டீ குடித்தேன் என்று சொல்லாதே. கவின் நண்பன் ஒருவன் அங்கே வருகிறானாம், அவனிடம் மீன் மசாலாவும் நெத்திலியும் கொடுத்து விடுகிறேன், மசாலா டப்பா மூடி இறுக்கமாக இருக்காது, உனக்காகத்தான் இளக்கி வைத்துக் கட்டியிருக்கிறேன், திறக்கும்போது கொட்டிவிடாதே.

முந்தாநாள் காளியம்மா அக்கா பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார், பிள்ளை சாப்பிடவில்லை, முதல் நாள் கல்யாண வீட்டில் எல்லார் கண்ணும் பட்டிருக்கிறது, நெட்டி முறி என்றார். நான் நாடியா சொன்னபடியே, கன்னத்தை வழித்துப் பொட்டில் வைத்துப் பிடித்தேன். சத்தம் வரவில்லை. அக்கா என் கையையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார், ‘சத்தமே காணோமே, அப்ப பிள்ளைக்குத் திருஷ்டி இல்ல லா, வெறும் பல்லு மொளைக்குது’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூக்கிக்கொண்டு போனார். நான் அப்படியே நின்றேன். ஒருவேளை அக்கா பேத்திக்குத்தான் இல்லையோ என்னவோ என்று, இன்று காலை குளித்து விளக்கு வைத்துவிட்டு உன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். வழித்தேன், பொட்டில் வைத்தேன், அழுத்தினேன். பத்து விரலும் நின்றது ரூபி. ஒன்று கூட முறியவில்லை. அப்பா பேப்பரை இறக்கிவிட்டு ‘என்னா, சத்தம் வரல’ என்றார், நான் நேராக வந்து இந்தப் பேனாவை எடுத்தேன்.

நீ நல்லபடியாக இருக்கவேண்டும், உன் தோள் உன் பேச்சைக் கேட்கவேண்டும், தூக்கம் வலியில்லாமல் வரவேண்டும், உன் வெள்ளைக் கோட்டு உனக்காகக் காத்திருக்கவேண்டும், முருகன் துணை இருப்பான். வருகிற வாரமே பிசியோவுக்குப் போன் செய்து நாள் வாங்கு, பாதிக்கும் கீழிருந்து, மறக்காதே. வாங்கியதும் எனக்கு வீடியோவில் கூப்பிடு, வைக்கும் முன் கேமராவுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து நெட்டி முறிக்கச் சொல்லு. சத்தம் வராது. பயப்படாமல் காதைக் கிட்டே வைத்துக் கேள்.

உன் படத்தின் முன்னால் நின்று,
தன் கையாலேயே எழுதிய உன் அம்மா,
பிரேமலா குணாளன்